வலது கைக்கு ஒரு லேப்டாப்

என் தம்பிக்கு சிறுநீரகம் இரண்டும் போய்விட்டதென்று தெரிந்தபோது அவன் சேதராப்பட்டில் ஓர் அட்டைப்பெட்டி கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். நான் வில்லியனூர்ப் பக்கம், எங்கள் ஊர் மாதா கோயில் தெருவில், வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் வைத்து லேபிள் டிசைன் செய்துகொண்டிருந்தேன். ஊறுகாய் பாட்டில், ஃபினாயில் கேன், ஊதுபத்தி உறை, மாட்டுத் தீவன மூட்டை என்று எது வந்தாலும் செய்வேன். வேலை கொடுத்தவர் தம்பியின் கம்பெனிக்குப் பக்கத்து ஷெட்டில் பிரஸ் வைத்திருந்தார். டீக்கடையில் அவரோடு பழகி, "எங்க அக்கா நல்லா டிசைன் பண்ணும் சார்" என்று சொல்லி என்னை அவரிடம் சேர்த்துவிட்டதே தம்பிதான்.

வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அப்பா இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, முழங்கால் வலி. அதனால் நான்தான் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். இடது முழங்கைக்குக் கீழே ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடம் கயிறு மாதிரிப் புடைத்திருக்கும். தொட்டால் உள்ளே ஏதோ ஓடுகிற அதிர்வு தெரியும். அதில் இரண்டு பெரிய ஊசி குத்தி மெஷினோடு இணைத்துவிட்டால், நான்கு மணி நேரத்துக்கு அந்தக் கையை அசைக்கக்கூடாது. அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். நான் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

என் சிறுநீரகத்தைக் கொடுக்கிறேன் என்று சொன்னேன். பரிசோதித்துவிட்டு, எனக்கே கல் இருக்கிறதென்று தள்ளிவிட்டார்கள். வேறு யாருடைய சிறுநீரகமாவது கிடைக்குமென்று அவன் பெயரைப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தோம்.

பிரஸ்காரர் பொறுமைசாலி. ஆனால் அவருடைய வாடிக்கையாளர்கள் அப்படியில்லை. மெஷினில் தாள் ஏற்றிய பிறகுதான் எழுத்துப் பிழையைக் கண்டுபிடிப்பார்கள். அவர் எனக்கு போன் பண்ணுவார். "ஆஸ்பத்திரியிலயாம்மா இருக்க? செரி, சாயந்தரம் பாத்துக்கலாம்" என்பார். சில மாதம் அப்படியே போனது. பிறகு ஒரு நாள், கூப்பிட்டவர் எதையும் கேட்காமல், "வேற ஒரு ஆள்கிட்ட குடுத்துட்டம்மா, தப்பா நெனச்சிக்காத" என்றார். நான் போனை வைத்ததும் தம்பி தலையைத் திருப்பிப் பார்த்தான்.

"இன்னாக்கா, வேல போயிடுச்சா?"

"ஒரு லேபிள்தான்டா."

"லேப்டாப் ஒண்ணு வாங்கு. இங்கயே ஒக்காந்து பண்ணு. நாலு மணி நேரம் சும்மா என் மூஞ்சியப் பாத்துனு இருக்கறதுக்கு."

அன்றிலிருந்து லேப்டாப் தேடும் வேலையை அவன் எடுத்துக்கொண்டான். நோய் வருவதற்கு முன் ஷிப்ட் முடிந்து வந்தால் வீட்டுக் கம்ப்யூட்டரில் விளையாடுவான். பழைய பாகங்களை வாங்கி அதைக் கூட்டிவைத்ததும் அவன்தான். இப்போது வலது கையில் போனைப் பிடித்துக்கொண்டு, கட்டை விரலால் தள்ளித் தள்ளி, ஒவ்வொரு மாடலாகப் பார்த்தான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் ஒரு விஷயத்தில் மும்முரமாக இருந்ததைப் பார்த்தேன். அதனாலேயே, சீக்கிரம் முடிவெடுக்கச் சொல்லி அவனை நான் அவசரப்படுத்தவில்லை.

என்ன மாதிரி வேண்டும் என்பதை அந்த வார்டுதான் தீர்மானித்தது. சுவரில் இருந்த பிளக் பாயின்ட் எல்லாம் டயாலிசிஸ் மெஷினுக்கு. அதில் வேறு எதையும் சொருக நர்ஸ் விடமாட்டார். ஆகவே பேட்டரி நிற்க வேண்டும். தலைக்கு நேர்மேலே டியூப் லைட் என்பதால் கண்ணாடி போல மின்னும் திரை ஆகாது. பக்கத்துக் கட்டில்களில் தூங்குகிறவர்கள் இருப்பார்கள், லேப்டாப்பின் ஃபேன் சத்தம் போடக்கூடாது. ஸ்கூட்டரில் நான் முதுகில் மாட்டிக்கொண்டு போக வேண்டும், கனம் கூடாது. விளையாடுகிறவர்களுக்கென்று விற்கும் லேப்டாப்பை அவன் முதலிலேயே ஒதுக்கினான்.

"அதுங்கல்லாம் செங்கல்லு மாதிரிக்கா. சார்ஜர் தனியா ஒரு செங்கல்லு. ஆஃபீஸ்காரங்க வாங்கறது பாரு, அதான் ஒழைக்கும். கீபோர்டும் நல்லாருக்கும். ஆனா மட்டமான ஸ்கிரீன போட்டு தள்ளி வுட்டுடுவாங்க, கலரெல்லாம் வெளுத்துப் போய் இருக்கும். அத மட்டும் மாத்திச் சொல்லணும்."

"கிராஃபிக்ஸ் கார்டு?"

"ஒனக்கு எதுக்கு? லேபிளுக்கு அதெல்லாம் வேணாம்."

"ஒனக்குடா. நீ ஆடறதுக்கு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "எனக்காக இன்னாத்துக்கு அதப் போடற," என்றான்.

நான் பொய் சொன்னேன். மூட்டை டிசைனெல்லாம் பெரிய பைல், திறக்கும்போது தொங்குகிறது, கார்டு இருந்தால்தான் ஓடும் என்றேன். அதில் உண்மை இல்லையென்று என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் "அப்பிடின்னா சின்னதா ஒண்ணு போட்டுக்கலாம்" என்றான். இருவரும் அதோடு விட்டுவிட்டோம்.

டயாலிசிஸ் இல்லாத ஒரு நாள் டவுனில் ஒரு கடைக்குப் போனோம். வெயிலில் அவன் மூச்சு வாங்கினான். கடைக்காரர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். தம்பி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே வந்தார். பதினான்கு அங்குலம். மின்னாத திரை, நிறம் முழுசாகத் தெரிகிற வகை. ராம் முப்பத்திரண்டு ஜிபி.

"பதினாறு போதுமே சார், டிசைனுக்கு."

"இல்லண்ணே. ராம் மதர்போர்டோடவே ஒட்டி வருது, பின்னால ஏத்த முடியாது. மொதல்லயே போட்ரலாம். ஹார்ட் டிஸ்க் ஒரு டெரா போதும், அத எப்ப வேணா மாத்திக்கலாம்."

சின்ன கிராஃபிக்ஸ் சிப் ஒன்றும் சேர்ந்தது. சில விளையாட்டுகள் ஓடும், பெரிய விளையாட்டெல்லாம் திணறும் என்றார் கடைக்காரர். போதும் என்றான் தம்பி. கடைசியாக அவர் சாதாரணமாகக் கேட்டார்:

"எத்தினி வருஷம் வெச்சிருப்பீங்க சார்? அதுக்கேத்த மாதிரி வாரண்டி போட்டுடலாம்."

நான் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருந்த மவுஸ்களைப் பார்க்க ஆரம்பித்தேன். வார்டில் எங்களுக்குத் தெரிந்தவர்களில் எத்தனை பேர் எத்தனை வருஷம் வந்தார்கள் என்று இருவருக்கும் தெரியும்.

"அஞ்சு வருஷம் போடுங்க," என்றான் தம்பி.

"பேட்டரி அவ்ளோ நாள் தாங்காது சார். மூணு போட்டுக்கலாம். வூட்டுக்கே வந்து சரி பண்ணிக் குடுப்பாங்க."

"செரி, மூணு."

கடைக்காரர் அவன் கையைப் பார்த்தார். "கையில இன்னா சார்?"

"கம்பெனில அடிபட்டுடுச்சி," என்றான்.

நாங்கள் கேட்டதுபோல் தயாராக எதுவும் கையிருப்பில் இல்லை, சொல்லித்தான் வரவழைக்க வேண்டும் என்றார். வர இரண்டு வாரத்துக்கு மேலாயிற்று. தினமும் அம்மாவிடம் அது எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று போனைப் பார்த்துச் சொல்வான். அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே கேட்டுக்கொள்வாள்.

லேப்டாப் வந்த பிறகு வார்டில் எங்களுக்கு ஒரு வழக்கம் ஏற்பட்டது. முதலில் நான் வேலை செய்வேன். சாப்பாடு வைக்கும் சக்கர மேஜையை என் பக்கம் இழுத்துக்கொள்வேன். பிரஸ்காரர் போன் பண்ணினால் அங்கேயே திருத்தி அனுப்பிவிடுவேன். விட்டுப்போன வேலை திரும்ப வந்தது. கடைசி ஒரு மணி நேரம் மேஜையை அவன் பக்கம் தள்ளிவிடுவேன். ஒற்றைக் கையால் ஆடக்கூடிய விளையாட்டாக ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தான். லாரி ஓட்டுவது. மவுஸை இடது வலமாக நகர்த்தினால் ஸ்டீயரிங் திரும்பும், பட்டனை அழுத்தினால் வண்டி ஓடும். ஏதோ வெளிநாட்டு நெடுஞ்சாலை. இரண்டு பக்கமும் பனி.

பக்கத்துக் கட்டிலில் குருவிநத்தத்தைச் சேர்ந்த கரும்பு விவசாயி ஒருவர் இருந்தார். அவரும் எங்கள் நாட்களில்தான் வருவார். கழுத்தை எக்கிப் பார்ப்பார்.

"லாரி எங்கபா போவுது?"

"தெரியில ஐயா. கண்ணாடி லோடு ஏத்தினு போறன்."

"பாத்துப் போ. கண்ணாடி ஒடஞ்சிடப் போவுது."

அவர் முன்பு கரும்பு லாரியோடு சர்க்கரை ஆலை வாசலில் ராத்திரி பகலாகக் காத்துக் கிடந்தவர். ஆட்டத்தில் லாரி போய்ச் சேர்ந்த உடனே சரக்கை இறக்கிவிடுகிறார்களே என்று அவருக்கு ஆச்சரியம். "இன்னாபா இது, க்யூவே இல்ல," என்பார். நர்ஸ்கூடச் சிரிப்பார். சில வாரம் கழித்து அந்த விவசாயி வரவில்லை. இரண்டாவது முறையும் அந்தக் கட்டில் காலியாக இருந்தபோது தம்பி நர்ஸைப் பார்த்தான். அவர் தலையை மட்டும் அசைத்தார். அன்றைக்குத் தம்பி லேப்டாப்பைக் கேட்கவில்லை. நானே வேலை செய்தேன்.

மழைக்காலம் தொடங்கியபோது ஒரு காலையில் அவன் என்னை எழுப்பி, "கைய தொட்டுப் பாருக்கா" என்றான். அந்த அதிர்வு இல்லை. புடைப்பு அப்படியே இருந்தது, உள்ளே ஒன்றும் ஓடவில்லை. ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது என்றார்கள். திறக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. அடுத்து வலது கையில் அதேபோல் தைக்கலாம், அது பழகும் வரை கழுத்தில் குழாய் வைத்து ஓட்டலாம் என்றார் டாக்டர்.

கழுத்தின் வலப்பக்கம் தோலைத் துளைத்து இரண்டு குழாய் தொங்கியது. மேலே பஞ்சும் பிளாஸ்திரியும். அம்மா அதைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். குளிக்க முடியாது, துடைத்துவிட வேண்டும். ஒரு பக்கமாகத்தான் படுக்கலாம்.

ஆனால் முதல் நாள் அந்தக் குழாயில் மெஷினை இணைத்துவிட்டு நர்ஸ் நகர்ந்ததும், அவன் இரண்டு கையையும் போர்வைக்கு மேலே தூக்கி விரலை விரித்து என்னிடம் காட்டினான்.

"ரெண்டு கையும் ஃப்ரீக்கா!"

அன்றே கால்பந்து விளையாட்டு ஒன்றை இறக்கினான். அதற்கு இரண்டு கையும் வேண்டும். எங்கள் ஊர் கோயில் மைதானத்தில் ஆடியவன். அந்தச் சின்ன சிப்பில் அது கொஞ்சம் திக்கித் திக்கித்தான் ஓடியது. ஆட்டக்காரர்களின் முகத்தை மங்கலாக்கி, கூட்டத்தை எடுத்துவிட்டு, ஓடும்படி செய்துகொண்டான். காலியான மைதானத்தில் ஆடுவான். ஒரு தடவை வாய்விட்டு "கோல்" என்று கத்திவிட்டான். எதிர்க் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த அம்மாள் திடுக்கிட்டு எழுந்தார். தம்பி கைகூப்பி மன்னிப்புக் கேட்டான். நோய் வந்த பிறகு அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்த நாட்களில்தான். கழுத்தில் குழாயோடு. வலது கை ஆபரேஷனுக்கு நாள் குறித்தபோது, "கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா" என்று டாக்டரிடம் கேட்டுக்கூடப் பார்த்தான். அவர் முடியாதென்றார். இந்தக் குழாய் வழியாகக் கிருமி போகும், ரொம்ப நாள் வைத்திருக்கக்கூடாது என்றார்.

அந்த நாள் வருவதற்குள் காய்ச்சல் வந்தது. டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்து படுத்தவனுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. மூன்று போர்வை போர்த்தியும் கட்டில் ஆடியது. ஆட்டோ பிடித்துத் திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குழாயை எடுத்தார்கள், ஊசி மருந்தை மாற்றி மாற்றிப் போட்டார்கள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். இரண்டாம் நாளுக்குப் பிறகு அவன் சரியாகப் பேசவில்லை. ஒரு முறை மட்டும் என்னைப் பார்த்து, "வேல ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்டான். இல்லையென்றேன். அந்த வாரமே இறந்துபோனான்.

கோயிலில் பூசை முடித்து, கல்லறையில் அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். குழிக்குள் மழைத்தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. இரண்டு பேர் இறைத்துக்கொண்டே இருந்தார்கள்.

தெருமுனையில் அவனோடு வேலை செய்தவர்கள் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். போனில் எடுத்த படம். சட்டத்துக்குள் நிரப்ப வேண்டுமென்று அகலவாக்கில் இழுத்திருந்தார்கள். அவனுக்கு ஒருபோதும் இல்லாத அகலமான முகம். நிறத்தையும் வெளுப்பாக்கி, கன்னத்தில் இருந்த தழும்பை அழித்திருந்தார்கள். நான் அதன் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் நண்பர்களில் ஒருவர் வந்து, "நல்லா வந்துருக்குதாக்கா?" என்று கேட்டார்.

"நல்லாருக்குதுபா," என்றேன்.

நான்காம் நாள் பிரஸ்காரர் போன் பண்ணினார். அடக்கத்துக்கு மாலையோடு வந்திருந்தவர்தான்.

"கேக்கக் கூடாதுதாம்மா. தீவனக் கம்பெனிக்காரன் மூட்டையில பேரு சின்னதா இருக்குதுன்றான். மெஷின நிறுத்தி வெச்சிருக்கறன். முடியலன்னா சொல்லிடு, வேற ஆளப் பாக்கறன்."

அனுப்புகிறேன் என்றேன். பகல் நேரம், முன்னறையில் அம்மா சுவரைப் பார்த்தபடி பாயில் படுத்திருந்தாள். லேப்டாப்பைத் திறந்து அந்தப் பைலை எடுத்தேன். உடனே திறந்தது. பெயரைப் பெரிதாக்கி, அதற்கு இடம் விட மாட்டின் படத்தைக் கீழே இறக்கி, அனுப்பிவைத்தேன். சற்று நேரத்தில் "ஓகே" என்று பதில் வந்தது.

"இன்னா பண்ற?" என்று அம்மா திரும்பாமலே கேட்டாள்.

"வேலம்மா."

"சாப்ட்டியா?"

இல்லை என்றேன். அவளும் சாப்பிட்டிருக்கவில்லை. எழுந்து போய் அரிசி களைந்தேன்.