இமை தாங்கும் அளவு

ஸைனம்பு இடது கண்ணை மூடி, இமையின் மேல் இரண்டு விரல்களை வைத்து மெல்ல அமர்த்திப் பார்க்கிறாள். இமை நோகக் கூடாது. விரல் இருப்பது மட்டும் தெரிய வேண்டும். அந்த அளவு பிடிபட்ட பிறகுதான், பால் குடிக்கச் சிரமப்படும் குழந்தையின் தாடையைத் தொடுவாள். புதிதாகப் பார்ப்பவர்கள் அவள் அழுகிறாள் என்று எண்ணி விசிறியும் தண்ணீரும் கொண்டு ஓடிவருவார்கள். "அழல்லகா. கை பதமா எண்டு பாக்கன்" என்பாள். தண்ணீரையும் குடித்துவிடுவாள்.

இந்தப் பழக்கத்தால் ஒருமுறை அகப்பட்டும் இருக்கிறாள். 2005 ஜனவரியில், சுனாமியாய்க் கடல் வந்துபோன பதினெட்டாம் நாள், மருதமுனைப் பள்ளிக்கூட முகாமில் கண்ணை அமர்த்திக்கொண்டிருந்தவளை ஒரு வெளிநாட்டுப் பெண் மனம் உடைந்தவர்களின் பட்டியலில் சேர்த்துவிட்டாள். கவலையைப் படமாகக் கீறும்படி பன்னிரண்டு நிறப் பென்சில்கள் கொடுத்தாள். ஸைனம்பு கடலோடு போன தன் கைத்தறியைக் கீறிக் கொடுத்தாள். பாவு நூல்களைச் சிறைக் கம்பிகள் என்று விளங்கிக்கொண்ட அந்தப் பெண் கண் கலங்கி இன்னும் ஒரு பெட்டி பென்சில் கொடுத்தாள்.

குழந்தைகளைத் தடவிவிடும் முறையை அவள் படித்ததும் அதே முகாமில்தான். ஒரு தாதி மூன்று நாள் வகுப்பு நடத்தினாள், ஒரு ரப்பர் பொம்மையை வைத்து. நூல் அறுந்தால் பார்க்காமலே முடிந்து பழகிய விரல்களுக்கு அது பெரிய வேலையாக இருக்கவில்லை. கடைசி நாள் "சந்தேகம் ஏதும் உண்டா?" என்று கேட்டபோது ஸைனம்பு மட்டும் எழும்பினாள். "பொம்மை நல்லாத்தான் இரிக்கி மிஸ். ஆனா பொம்மைட தாய்க்கு மாமி இல்லையே?"

அதுவே பிறகு அவளுடைய கொள்கையானது. குழந்தை சும்மா இறுகாது. வீட்டில் யாரோ இறுகியிருக்கிறார்கள், முதலில் அந்த ஆளைத் தளர்த்த வேண்டும். ஆளைக் கண்டுபிடிப்பதும் எளிது: யார் அதிகம் கதைக்கிறாரோ அவர்தான். பெண்ணென்றால் அவளே எண்ணெயோடு தோளில் கை வைப்பாள். ஆணென்றால் வாசலில் திறீவீலரோடு நிற்கும் தன் கணவன் ஜவுபரை உள்ளே கூப்பிடுவாள். நற்பிட்டிமுனையில் இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர் ஒருவர், பேரப்பிள்ளைக்குச் சீனித்தண்ணீர் கொடுக்கச் சொல்லி விரிவுரை நடத்தியவர், வண்டியின் ஸ்டார்ட் லிவரை இழுத்து முறுகிய அந்தக் கைகளில் அகப்பட்டு நாற்பது நிமிடம் எழும்பவில்லை. அதற்குள் குழந்தை இரண்டு தரம் குடித்து முடித்தது.

காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ சோர்வோ உள்ள குழந்தையைத் தொடமாட்டாள். "என்ட கையில மருந்து இல்ல. ஆசுபத்திரிக்குப் போங்க" என்பாள். நாலு வருடத்தில் அவளிடம் வந்த இருநூற்றுப் பதினான்கு குழந்தைகளில் முப்பத்தொன்பது பேர் அப்படிப் போனவர்கள். ஜவுபரே ஏற்றிக்கொண்டு போவான்.

2009 மே 18, திங்கட்கிழமை, பாண்டிருப்பில் நிலாந்தினியின் வீட்டுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். ஆண் குழந்தை, வயது பதினேழு நாள். பிறந்தபோது இரண்டு கிலோ தொள்ளாயிரம் கிராம். அன்று காலை கிளினிக்கில் இரண்டு கிலோ அறுநூற்று இருபது. வேறு வருத்தம் இல்லை. தலையை வலப்பக்கமே திருப்பும், வாயை முழுக்கத் திறக்காது, நாலு உறிஞ்சலில் நழுவிவிடும். புதன்கிழமை நிறையில் ஏறாவிட்டால் ஆசுபத்திரி வாட்டில் போட வேண்டும் என்று மருத்துவமாது சொல்லியிருந்தாள்.

நிலாந்தினியின் தாய் கடலோடு போய் நாலு வருடம், நாலு மாதம், இருபத்திரண்டு நாள். ஆகவே பிள்ளைப்பேறு பார்க்க வந்து நின்றவள் கணவனின் தாய் பாலம்மா. அவள் ஒரு பால்மா டின்னை வாங்கி மேசை நடுவில் வைத்திருந்தாள். நிலாந்தினியின் தம்பி தினுஜன் யுத்தம் நடந்த கிளிநொச்சிக்கு லொறி ஓடப் போனவன். ஜனவரிக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. யுத்தம் முடிந்தது என்று மத்தியானத்திலிருந்து வானொலி சொன்னதை அந்த வீட்டில் ஒருவரும் திருப்பிச் சொல்லவில்லை.

"நான் அஞ்சு பெத்து அஞ்சுக்கும் குடுத்தனான். இவளுக்கு ஊறுதில்ல. டின்ன உடைப்பம் எண்டா கேக்காளில்ல" என்று தொடங்கினாள் பாலம்மா.

"ஓம் ஓம். இஞ்ச வந்து இரிங்கக்கா. தோளக் காட்டுங்க."

"எனக்கென்ன வருத்தம்? பிள்ளைக்கெல்லோ கூப்பிட்ட!"

"பிள்ளைக்குத்தான் செய்யன். பாதை உங்கட தோளால போகுது."

மூன்றாவது பிரசவத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாலம்மாவின் குரல் தேய்ந்தது. நாலாவது பிறக்கவில்லை, குறட்டைதான் வந்தது. ஸைனம்பு டின்னைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு கைகழுவி, இமையை அமர்த்திப் பார்த்து, குழந்தையிடம் குனிந்தாள்.

"தொடட்டா மனே?"

குழந்தை காலை உதைத்தது. "இப்ப ஏலாதாம்" என்று நிலாந்தினிக்கு மொழிபெயர்த்துவிட்டு ஒரு தேத்தண்ணீர் குடித்து முடித்தாள். மறுபடி கேட்டாள். "இப்ப ஓமாம்."

காதின் பின்னால் தொடங்கிக் கழுத்துக்கு இறங்கி, தாடைப் பொருத்தில் வட்டமிட்டு, உதட்டோரத்தில் விரல் நின்றது. ஸைனம்பு கேட்டதற்கெல்லாம் நிலாந்தினி "ஓம்" என்றாளே தவிர வேறு கதைக்கவில்லை. நாலு முப்பத்தைந்துக்குக் குழந்தை தலையை இடப்பக்கம் திருப்பி ஒரு பெரிய கொட்டாவி விட்டது. அந்த வாய் மூடுவதற்குள் ஸைனம்பு அதைத் தாயின் மார்போடு சேர்த்துவிட்டாள். விழுங்கும் சத்தம் கேட்டது. "ஒண்டு… ரெண்டு…" என்று ஸைனம்பு எண்ணினாள்.

ஒன்பதில் ஜவுபர் வாசலில் வந்து குரல் கொடுத்தான். "றோட்டுல வெடி கொளுத்தப் போறானுகள். இந்தா இந்த முடக்குல."

"போய்ச் சொல்லுங்க, இஞ்ச ஒரு புள்ள பால் குடிக்கிது. அரை மணித்தியாலம் பொறுக்கட்டாம்."

போனவன் உடனே திரும்பினான். "யுத்தம் முடிஞ்ச வெடியாம். பொறுக்க ஏலாதாம்."

"முப்பது வருசம் பொறுத்த ஆக்களுக்கு முப்பது நிமிசம் பொறுக்க ஏலாதாமா? கேட்டுட்டு வாங்க!"

ஜவுபர் மறுபடி போனான். வந்து, பெரிய ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்கியவன் போல் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். "பத்து நிமிசம் தந்திரிக்கானுகள்."

பத்து நிமிடத்தில் குழந்தையை மற்றப் பக்கமும் மாற்றிவிட்டாள். அறுபத்திரண்டு, அறுபத்திமூன்று. பிறகு வெடித்தது. கூரைத் தகடு அதிர்ந்தது. பாலம்மா "நாலாவது சிசேரியன்!" என்று எழும்பினாள். ஸைனம்பு குழந்தையின் தாடையையே பார்த்தாள். அது நழுவவில்லை. அறுபத்திநாலு. அறுபத்தைந்து.

அப்போதுதான் அவள் தலை நிமிர்த்திப் பார்த்தாள். நிலாந்தினியின் தோள்கள் இரண்டும் காதுமட்டும் ஏறி, கல்லாகி நின்றன. ஸைனம்பு எண்ணுவதை விட்டாள். தன் இடது கண்ணை மூடி, இமையின் மேல் இரண்டு விரல்களை வைத்து ஒருதரம் அமர்த்திப் பார்த்தாள். பிறகு எண்ணெய்க் கைகள் இரண்டாலும், அந்த அளவாகவே, நிலாந்தினியின் காதுகளைப் பொத்திக்கொண்டாள்.