ஒரு அறைக்குள் எட்டும் தூரம்

மூத்த மகன் கத்தாருக்கு வேலைக்குப் போனபின் என் மகள் வீடியோ கேம் விளையாடுவதை விட்டுவிட்டாள். "காக்கா இல்லாம யாரோட விளையாடுற?" என்பாள். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். வயர் இல்லாத கொன்ட்ரோலர் இருக்கிறதென்று கேள்விப்பட்டு, கல்முனையில் ஒரு கடைக்குப் போனேன். ஐந்தாம் ஆண்டோடு படிப்பை விட்டவன் நான். கடையில் எதையும் விசாரிக்கக் கூச்சம். ஆனாலும் கேட்டேன்.

"இதுல ஒண்ட கத்தாருக்கு அனுப்பினா, மகன் அங்க இருந்து விளையாடலாமா, தம்பி?"

போனுக்கும் வயர் இல்லை, அதில் அவன் குரல் வருகிறதே என்று நினைத்திருந்தேன்.

பக்கத்தில் நின்றவர் சிரித்தார். கடைக்காரத் தம்பி சிரிக்கவில்லை.

"இது ஒரு அறைக்குள்ளதான் வேலை செய்யும், காக்கா," என்றார் மெதுவாக. "என்ட உம்மாவும் குவைத்திலதான்."

இரண்டு வாங்கிவந்தேன். மகள் ஒன்றை என் கையில் தந்தாள்.

"காக்காட இடத்துல இரிங்க, வாப்பா."

இருந்தேன். எந்தப் பொத்தானை அழுத்துவதென்று தெரியாமல் தோற்றுக்கொண்டே இருந்தேன். அவளுக்கு ஒரே சிரிப்பு. இடையில், பழக்கத்தில், "காக்கா, அங்கால பாயுங்க" என்றுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் கேட்காதவன் போலத் திரையையே பார்த்தேன்.

மகன் இல்லாத வீட்டை அவன் இடத்தில் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.