ஓசூருக்குக் கால் அளவு கொடுக்கப் போனது

எனக்கு ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. கோர்வையாக எழுத வராது. நடந்ததிலும் பாதி மறந்துபோகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள். தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாமல்பட்டியிலிருந்து ஓசூருக்குப் போய்வந்த விவரம் இது.

சர்க்கரையால் என் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து அப்போது இரண்டு வருஷம். மாட்டிக்கொள்ளும் கால் கொடுத்திருந்தார்கள். மேலே கிண்ணம், நடுவே இரும்புக் குழாய், கீழே ரப்பர் பாதம். காற்றில் சேலை ஒட்டினால் குழாய் தெரியும். பேசுகிறவர்கள் கண் என் முகத்தை விட்டு அங்கே இறங்கும். அதனால் ஆஸ்பத்திரி தவிர வேறெங்கும் போவதில்லை. என் மருமகன் வேலை செய்த ஓசூர் பட்டறையில் கம்ப்யூட்டரில் காலை வரைந்து, குழாயை மூட அதே போல உறை செதுக்கித் தருவார்கள் என்று மகள் ஜமீலா சொன்னாள். அது கிடைத்தால் தெருவில் நடப்பேன் என்று நினைத்தேன்.

காலை ஆறேகாலுக்கு ஜமீலாவோடு பஸ் ஏறினேன். "சீக்கிரம் ஏறும்மா!" என்று அதட்டிய கண்டக்டர், படியில் குழாயைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். அதட்டலே தேவலை என்றிருந்தது.

கிருஷ்ணகிரியில் பஸ் மாறினோம். ஓசூருக்கு ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். சூளகிரி தாண்டியதும் பின் சீட்டில் தெலுங்கு, முன் சீட்டில் கன்னடம். எனக்கு எதுவும் ஏறவில்லை. வலது கால் சுண்டுவிரலில் ஒரு சின்னப் புண் வந்திருந்தது. இடது காலிலும் இப்படித்தான் ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை.

பத்தரைக்குப் பட்டறை. லீவு நாளானதால் சத்தமில்லை; மருமகன் சொல்லிவைத்ததால் இரண்டு பேர் மட்டும் வந்திருந்தார்கள். இஞ்சினியர் பாண்டியன் திருநெல்வேலிக்காரர். மிஷின் ஓட்டும் மஞ்சுநாத் கன்னடக்காரர். முழங்கால் வரை சேலையைத் தூக்கச் சொன்னதும் உடம்பு கூசிவிட்டது. ஜமீலா முந்தானையை விரித்து மறைத்தாள்.

"நான் பாக்கது கம்ப்யூட்டர மட்டுந்தான், அம்மா," என்று பாண்டியன் சிரித்தார்.

சுண்டுவிரலைத் துண்டால் மூடிக்கொண்டேன். வலது காலில் நீலப் பேனாவால் கோடு போட்டு, சிவப்பு மணி வைத்த ஊசியால் புள்ளி புள்ளியாகத் தொட்டார்கள். தொட்ட இடமெல்லாம் திரையில் வந்தது. சின்ன வயதில் மண்வெட்டி பட்ட குழிகூட வந்தது.

"இதத் திருப்பிப் போட்டா இடது காலு. அப்படியே செதுக்கிருவோம். பெங்களூர்லேர்ந்து வந்தது இந்த ஒரு கட்டிதான், பாத்துக்கிடுங்க," என்று பஞ்சுபோன்ற ஒரு கட்டியைக் காட்டினார்.

சாப்பிட்டு வந்து, இரண்டு மணிக்கு மிஷினை ஓட்டினார்கள். நான் திரையைப் பார்த்தேன். புண் இருக்கிறதா என்று தினமும் கண்ணாடி வைத்துப் பார்க்கிறவள் நான். கண்ணாடியில் என் வலது கால் இடது காலாகத்தான் தெரியும், போனது திரும்பி வந்த மாதிரி. திரையில் இருந்தது அப்படி இல்லை. குனிந்து பார்த்தால் தெரியும் அதே வலது கால், குழியோடு நின்றது.

படித்தவர்களிடம் எப்படிச் சொல்வது? ஜமீலாவின் கையைச் சுரண்டினேன்.

"கம்முனு இரும்மா. அவங்களுக்குத் தெரியாதா?"

கத்தி இறங்கியது. வெள்ளைத் தூள் பறந்தது. ஒரே கட்டி.

"நிறுத்துங்க! இது வலது காலு!"

கத்தியது நான்தான் என்று எனக்கே நம்பிக்கையில்லை.

"என்ன சொல்லுதிய?" என்று திரும்பிய பாண்டியன் திரையைப் பார்த்தார். ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். "திருப்பாமலே அனுப்பிட்டேனே!"

"ரெண்டும் வலது கால்னா, அம்மா ஊருக்குப் போகாம வட்டம் சுத்துவாங்க சார்," என்றார் மஞ்சுநாத்.

இரண்டு விரல் ஆழம்தான் போயிருந்தது. கம்ப்யூட்டரில் படத்தைத் திருப்பி, கட்டியையும் மறுபக்கம் புரட்டி வைத்துச் செதுக்கினார்கள். நாலரைக்கு உறையை மாட்டி எழுந்தேன். சேலை நேராக விழுந்தது.

கிளம்பும்போது பாண்டியன் ஆறுதலாகச் சொன்னார்: "ஒங்க வலது காலும் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கும்மா. நாளப்பின்ன அதுக்கும் வேணும்னா நீங்க அளவு குடுக்க வரவே வேண்டாம்."

சிரித்தேன். சேலையை இழுத்துவிட்டுச் சுண்டுவிரலை மறைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர், "ஏம்மா, கால மடக்கி வை, வழிய அடைக்கிற!" என்று எரிந்துவிழுந்தார். இரண்டு வருஷமாக யாரும் என்னை அப்படித் திட்டியதில்லை. சந்தோஷப்படத்தான் பார்த்தேன், முடியவில்லை. சூளகிரி வருவதற்குள் செருப்பைக் கழற்றி ஜமீலாவிடம் விரலைக் காட்டினேன்.

"எத்தன நாளாம்மா?"

"பத்து நாளு."

"கட்டிக்குக் கத்தத் தெரிஞ்சுது, இதுக்குத் தெரியலையா?" என்று அழுதாள். கிருஷ்ணகிரியில் இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

புண் ஆறிவிட்டது. இப்போது கடைத்தெருவுக்கும் போகிறேன். ஆனாலும் தினமும் கண்ணாடியை எடுத்ததும் முதலில் சுண்டுவிரலைத்தான் பார்க்கிறேன்.

தூரம், டிக்கெட், மணி எல்லாம் நினைவிலிருந்து எழுதியது. தெரிந்தவர்கள் சரிபார்த்துத் திருத்துங்கள். அந்த ஊசி மிஷினுக்குப் பேர் என்ன என்றும் பட்டறையில் கேட்டு எழுதிவிடுங்கள். கேட்கப் போகிறவர்கள் என் வலது காலை மட்டும் திரையில் திறந்து பார்க்க வேண்டாம்.