மேடத்துக்கு ஒரு மாப்பிள்ளை

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தால் ஒரே கேள்விதான் வரும் என்று ஆஸ்பத்திரியில் கேலி செய்வார்கள். ‘எந்த மாடி?’ இருபத்தாறு வருடமாக அந்த நாலு மாடிக் கட்டடத்தில் ஆட்களை ஏற்றி இறக்குகிறவர். அழுதுகொண்டு வருகிறவரிடமும் அதே கேள்வி, சிரித்துக்கொண்டு வருகிறவரிடமும் அதே கேள்வி. கண் மட்டும் பட்டன் வரிசையை விட்டு நகராது. வீட்டிலும் பேச்சை அளந்துதான் செலவழிப்பார். மிச்சம் மீதி இருந்தால் மொட்டை மாடிக்குப் போய் முயல்களிடம் பேசிவிட்டு வருவார்.

அங்கே ஐந்து கூடுகள், கூட்டுக்கு ஒரு முயல். ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட கட்டில்களின் கம்பியைக் கேட்டு வாங்கி அவரே அடித்தவை. குட்டிக்காக வளர்ப்பதுதான், அக்கம்பக்கத்தில் கேட்பவர்களுக்குக் கொடுப்பார். ஐந்தில் ஒன்றுக்கு மட்டும் பெயர் உண்டு. சாம்பல் நிறம், கழுத்தில் வெள்ளைப் பட்டை. கேரட் கொஞ்சம் வாடியிருந்தாலும் தட்டைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொள்ளும். ‘மேடம்’ என்று அவர் மனைவி வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. மேடத்துக்கு இரண்டரை வயதாகியும் ஒரு குட்டி இல்லை. வீட்டில் இருந்த ஒரே ஆண் முயல் அதன் கூடப்பிறந்தது. அதனால் காரியம் தள்ளிக்கொண்டே போய்விட்டது. இன்னும் தள்ளிப்போனால் பிறகு ஆகவே ஆகாது.

தள்ளிப்போனால் போகட்டும் என்றுதான் அவரும் இருந்தார், மகள் வந்து சேரும் வரை.

ஏழு மாதத்துக்கு முன்பு ஒரு மத்தியானம். கீழ்த்தளத்தில் லிஃப்ட் நின்றது, யாரோ ஏறினார்கள். தலை நிமிராமலே, “எந்த மாடிம்மா?” என்று கேட்டார்.

“வீட்டுக்குப்பா.”

கையில் ஒரே ஒரு பையுடன் அவருடைய மகள் நின்றிருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருடம். அதற்குள் மூன்று முறை போன் செய்து, முடியலைப்பா என்று அழுதிருக்கிறாள். மூன்று முறையும் அவர், “கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, போகப் போகச் சரியாயிடும்” என்று சொன்னார். நான்காவது முறை அவள் போன் செய்யவில்லை. பஸ் ஏறி வந்துவிட்டாள். அன்று லிஃப்டைப் பூட்டிச் சாவியை மேஸ்திரி மேஜையில் வைத்துவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் அவளை வீட்டுக்கு அழைத்துப் போனார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் அப்படி இறங்கிப் போனது அந்த ஒரு நாள்தான். அதற்குப் பிறகு யார் ஏறினாலும் முதலில் முகத்தைப் பார்ப்பார், பிறகுதான் மாடி கேட்பார்.

வந்தவள் எதுவும் கேட்கவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டாள், இல்லையென்றால் சும்மா இருந்தாள். சாயங்காலமானால் மொட்டை மாடியில் மேடத்தின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுவாள். ஐந்தாவது மாதம் ஒருநாள், “இதுக்கு ஒரு குட்டி பிறந்தா நல்லா இருக்கும்ல அப்பா? நான் வளர்ப்பேன்” என்றாள். அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். அவர் அன்றே தலைகீழாக நின்றாவது மேடத்துக்கு ஒரு ஜோடி பார்த்துவிடுவது என்று முடிவு கட்டிவிட்டார்.

இங்கேதான் மனிதர் கோட்டை விட்டார். முயல் வளர்க்கும் எவரும் பெண்ணைத்தான் ஆணின் கூட்டுக்குக் கொண்டுபோவார்கள். தன் கூட்டுக்குள் வேறொரு முயல் வந்தால் பெண் முயல் கடித்துக் குதறிவிடும். இது அவருக்குத் தெரியாததா? அத்தனை வருடமும் அப்படித்தான் செய்துவந்தார். ஆனால் மேடத்தின் விஷயத்தில் மட்டும் பிடிவாதம் பிடித்தார்.

“நம்ம பிள்ளை ஒரு இடத்துக்கும் போக வேணாம். வர்றவன் இங்க வரட்டும்” என்றார்.

வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் வீட்டு வெள்ளை முயல் காதில் கடி வாங்கிக்கொண்டு ஓடியது. தையல்காரர் கொடுத்த முயலை மேடம் விரட்டவே இல்லை. இரண்டும் ஒரே தட்டில் கீரை தின்றன. அவருக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாம் நாள் மகள் அதைத் தூக்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அப்பா, மாப்பிள்ளையும் பொண்ணுதான்” என்றாள். மூன்றாவதாக வந்தது பானை மாதிரி ஒன்று. மேடம் சீறியதும் மூலையில் போய்ப் படுத்ததுதான், தூக்கினாலும் எழுந்திருக்கவில்லை.

அவர் மனைவிக்குச் சிரிப்பு பொறுக்கவில்லை. சிரித்துக்கொண்டே, “பொண்ணுக்குத்தான் ஒழுங்கா பார்க்கத் தெரியலை, முயலுக்காவது விசாரிச்சுப் பாருங்க” என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் தண்ணீர்க் கிண்ணங்களை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார். கழுவியவற்றையே மறுபடியும் கழுவினார்.

மகள்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நாமளே கூட்டிட்டுப் போகலாம்ப்பா. பத்து நிமிஷம்தானே? கூட நிப்போம். பிடிக்கலைன்னா தூக்கிட்டு வந்துடலாம்.”

அடுத்த விடுமுறை நாளில் ஊர்க்கோடியில் முயல் பண்ணை வைத்திருந்த ஒரு அம்மாவிடம் போனார்கள். தகரக் கூரையின் கீழே நாற்பது கூடுகள். பண்ணையம்மா கெட்டிக்காரி. மேடத்தின் பல்லையும் நகத்தையும் பார்த்தாள், வயிற்றைத் தடவினாள். “வயசு கொஞ்சம் கூடத்தான். ஆனா தேறும்ணா” என்று சொல்லி, இருப்பதிலேயே வாட்டசாட்டமான கறுப்பனின் கூட்டில் விட்டாள்.

கறுப்பன் ஒரே பாய்ச்சலில் மேலே விழுந்தது. மேடம் வீட்டில் காட்டிய வீறாப்பெல்லாம் எங்கே போனதோ, காதை மடித்துக்கொண்டு மூலையில் ஒடுங்கியது. கீச்சென்று ஒரு சத்தம். முயல் அப்படிக் கத்தி மகள் கேட்டதே இல்லை.

“இருங்கண்ணா, ஒரு நிமிஷம் பொறுங்க. போகப் போகப் பழகிடும்” என்றாள் பண்ணையம்மா.

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் கை உள்ளே போய்விட்டது. முழங்கையில் கறுப்பன் பிறாண்டியதையும் பார்க்கவில்லை. மேடத்தை வாரி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

“இப்படித்தாம்மா மூணு தடவை பொறுத்துக்கோன்னு சொல்லிச் சொல்லி விட்டுட்டேன்” என்றார். பண்ணையம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகளுக்கு விளங்கியது. அவள் வெகுநேரம் கூரையின் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு முயலை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு ஒவ்வொரு கூட்டின் முன்னாலும் நின்று நின்று நடந்தாள். கடைசிக் கூட்டில் பழுப்பு நிறத்தில் ஒன்று, ஒரு காது கிழிந்தது, புல் தின்றுகொண்டிருந்தது. மேடத்தின் மூக்கு துடித்தது. கழுத்தை நீட்டியது.

“அக்கா, இதுகிட்ட விடலாமா?”

“அதுவா? அது நிதானப் பேர்வழியாச்சே. அரை நாள் ஆகும்.”

“ஆகட்டும்.”

நிதானப் பேர்வழி முதலில் புல்லைத் தின்று முடித்தது. பிறகு கிட்டே வந்து முகர்ந்தது. மேடம் உறுமியதும் இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. மறுபடி வந்தது, மறுபடி போனது. லிஃப்ட்காரர் கூட்டுக் கதவைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. ஸ்ட்ரெச்சர் ஏறும்போது லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாரே, அதே மாதிரி. முக்கால் மணி நேரம் கழித்து மேடமே எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தது. காரியம் முடிந்ததும் பழுப்பு முயல் மயக்கம் போட்டதுபோல் பக்கவாட்டில் பொத்தென்று சாய்ந்தது. மகள் ‘ஐயோ’ என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஏழு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. அவர் முயலைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்.

“ரெண்டு நாள் இங்கேயே இருக்கட்டுமேண்ணா” என்றாள் பண்ணையம்மா.

“வேணாம்மா. கூட்டிட்டுப் போறோம்.”

பஸ்ஸில் மகள் கூடையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பாதி வழியில், “அன்னைக்கு லிஃப்டைப் பூட்டிட்டு என்கூட வந்தீங்கல்ல, அப்பவே உங்க மேல இருந்த கோபம் பாதி போயிடுச்சுப்பா” என்றாள்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார். “மீதி?”

“அது கொஞ்சம் இருக்கட்டும். அப்பத்தான் நீங்க ஒழுங்கா இருப்பீங்க.”

அவர் தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டையைத் தேடினார்; அது மேடத்துக்கு அடியில் விரித்துக் கிடந்தது.

முப்பத்தோராம் நாள் வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தார். மேடம் தன் நெஞ்சு முடியைப் பிடுங்கி, குட்டி போடுவதற்காக வைத்திருந்த பெட்டி நிறைய மெத்தை போட்டிருந்தது. அன்று முழுக்க அவர் கால் தரையில் நிற்கவில்லை. மூன்றாம் மாடிக்காரரை இரண்டாம் மாடியில் இறக்கிவிட்டுத் திட்டு வாங்கினார்.

மத்தியானம் கீழ்த்தளத்தில் கதவு திறந்தது. வெயிலில் ஓடி வந்து மகள் நின்றாள். மூச்சு வாங்கியது, தலையெல்லாம் புல் துணுக்கு. அவர் முகத்தைப் பார்த்தார். மாடி கேட்கவில்லை.

“எத்தனை?” என்றார்.

“ஆறுப்பா.”