சேலையில் வந்த அத்தை

அந்தச் சுதந்திர தினத்தன்று எங்கள் பள்ளித் தாளாளர் என் அத்தையை நடத்திய விதத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பாவின் அக்கா விமானப்படையில் அதிகாரி. வானத்தில் வரும் விமானங்களோடு ரேடியோவில் பேசி, பத்திரமாகத் தரையிறக்குகிற வேலை. அத்தை எங்கள் ஊரான அகரத்துக்கு வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும், திண்டுக்கல்லில் நான் ஐந்தாம் வகுப்பு படித்த பள்ளியின் தாளாளர் வீடு தேடி வந்து, கொடியேற்ற அழைத்தார். யூனிஃபார்மில் வருவாள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்தேன். அத்தையிடம் மட்டும் சொல்லவில்லை.

அவள் சின்னாளபட்டிச் சேலையில் வந்து இறங்கினாள்.

தாளாளர் முகம் சுருங்கிவிட்டது. "என்னம்மா இது, யூனிஃபார்ம் இல்லாம எப்பிடி? பேப்பர்க்காரங்கள வேற வரச் சொல்லியிருக்கேன்."

"இப்ப நான் அதப் போடக் கூடாது சார்."

ஏன் என்று அந்த மனுஷர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சும்மா வேடிக்கை பார்க்க வந்திருந்த கவுன்சிலரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கொடிக்கயிற்றைக் கொடுத்தார். அத்தைக்குக் கடைசி நாற்காலி. "இதுவா ஒங்க அத்தை? டீச்சராட்டம்ல இருக்காக" என்று என் பக்கத்தில் நின்றவள் சிரித்தாள். கொடி ஏறும்போது அத்தை எழுந்து விறைப்பாக நின்றாள். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பஸ்ஸில் தள்ளிப்போய் வேறு சீட்டில் உட்கார்ந்தேன். வீட்டில் சோற்றுத்தட்டைத் தள்ளிவிட்டேன்.

"ஏ பாப்பா, ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றாள் அத்தை.

"பெட்டிக்குள்ள யூனிஃபார்ம் இருக்குல்ல, நான் பாத்தேன். போட்டு வந்தா என்னவாம்? அந்தாள நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? அங்க அம்புட்டுப் பேருக்கும் ஆர்டர் போடுறீக, இங்க மட்டும் ஏன் பயப்படுறீக?"

அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். "விடு, அவ கேக்கட்டும்" என்று தடுத்த அத்தை, "பயமில்ல பாப்பா. நான் கேக்க வேண்டிய எடம் வேற" என்றாள். எனக்கு அது வெறும் சாக்காகப் பட்டது.

அவள் விடுப்பில் வரவில்லை. அவளோடு சேர்ந்த ஆண்களை ஓய்வு வயதுவரை வைத்துக்கொண்டு, பெண்களுக்கு மட்டும் காலம் முடிந்தது என்று அவளை வெளியே அனுப்பியிருந்தார்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியும்; ஊருக்குச் சொல்லவில்லை. சில வருடங்கள் கழித்துத் தீர்ப்பு வந்தது. அவள் மறுபடி வேலையில் சேர்ந்து, குரூப் கேப்டன் என்கிற பெரிய பதவிவரை உயர்ந்து, அதன் பிறகு தானாகத்தான் ஓய்வு பெற்றாள்.

ஆனால் அன்றைக்கு, ஒரு பள்ளித் தாளாளருக்கே பயந்துவிட்டாள் என்று நான் குப்புறப் படுத்து அழுதேன். அந்த வாரம்தான் அத்தை டெல்லி நீதிமன்றத்தில் விமானப்படையின் மீதே வழக்குத் தொடுத்துவிட்டு ரயிலில் வந்து இறங்கியிருந்தாள்.