ஒருக்களித்துப் படுக்க வைப்பவர்

"இந்தாப்பா ராசா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பு. எவ்வளவு நேரந்தான் மேலேயே பாத்துக்கிட்டு கெடப்ப? அங்க என்ன சினிமாவா ஓடுது?"

நினைவில்லாமல் கிடந்த லாரி டிரைவரிடம் இப்படிக் கேட்டுக்கொண்டே, தோளுக்கடியில் ஒரு கையும் இடுப்புக்கடியில் ஒரு கையும் கொடுத்து, தம் பிடித்து அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தார் வார்டு ஆயாம்மா. முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. விரிப்பில் சின்னச் சுருக்கம் இருந்தாலும் அவருக்கு ஆகாது. நீவிவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போவார்.

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை அடிக்கடி பக்கம் மாற்றிப் போட வேண்டும். இல்லையென்றால் தோல் சிவந்து, புண்ணாகி, எலும்பு வரை போய்விடும். வார்டில் எல்லோருக்கும் இது தெரியும்தான். வேலை நெருக்கும்போது மற்றவர்கள் ஒரு தரம் விட்டுவிடுவார்கள். ஆயாம்மா சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபடியே போட்டுவிட்டு ஓடுவார். "நம்மள ஒரு கொசு கடிச்சா சொறிஞ்சிக்கிறோம். இவங்க என்ன பண்ணுவாங்க?" என்பார்.

"நீங்க திருப்புற திருப்புல அவனுக்குத் தலையே சுத்திரும் ஆயாம்மா" என்று கிண்டல் செய்வார் நர்சம்மா.

அந்தச் சமயத்தில்தான் ஆயாம்மாவின் வீட்டுக்காரர் வழுக்கி விழுந்து, இடுப்பு முறிந்து, படுக்கையோடு போனார். வேலைக்குக் கிளம்பும்போதும் திரும்பி வந்ததும் ஆயாம்மா திருப்பிப் போடுவார். நடுவில் நாத்தனார் பொறுப்பு. அந்த அம்மாவுக்குத் தம்பி என்றால் உயிர். தொட்டால் தம்பி முனகுவார், அதைக் கேட்கப் பொறுக்காது. "பாவம், இப்பத்தான் கண்ணசந்தான். எழுப்பி நோகடிக்கணுமா?" என்று அப்படியே விட்டுவிடுவார்.

ஒருநாள் வீட்டுக்காரரின் அடிமுதுகில் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டார் ஆயாம்மா. "அண்ணி, அவரு முனகுனாலும் பரவால்ல, திருப்பிடுங்க" என்று கெஞ்சினார். வீட்டோடு இருந்துவிடலாம் என்றால் வேலை போய்விடும், மருந்துக்கு வேறு வழியில்லை. நாத்தனார் தலையை ஆட்டுவார், கை வராது. புண் ஆழமாகி, சீழ் பிடித்து, காய்ச்சலில் அவர் போய்ச் சேர்ந்தார்.

நாத்தனாரை ஆயாம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பாசத்துல விட்டுட்டாங்க. அதுக்கு எப்படிச் சண்டை போடுறது?" என்று நர்சம்மாவிடம் சொல்லி அழுதார். முகத்தைக் கழுவிக்கொண்டு போய், டிரைவரைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

டிரைவருக்கு ஒருவழியாக நினைவு வந்தது. புண் மட்டும் வந்திருந்தால் இந்த உடம்பு தாங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்குப் போனவன், சில மாதம் கழித்து அம்மாவோடு வார்டுக்கு வந்தான், தானாக நடந்து.

"என்னைப் பாத்துக்கிட்டது நீங்கதானாமே, அம்மா சொன்னாங்க."

ஆயாம்மா அவன் முகத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. "திரும்புப்பா. சட்டையத் தூக்கு" என்றார்.

அவன் விழித்தான். பிறகு திரும்பி நின்று சட்டையைத் தூக்கினான். அடிமுதுகில், வீட்டுக்காரருக்குப் புண் வந்த அதே இடத்தில், ஒரு தழும்புகூட இல்லை.

ஆயாம்மா அங்கே உள்ளங்கையை வைத்தார். அவன் சட்டையை இறக்கிய பிறகும் எடுக்கவில்லை.