ஆறு இலக்கக் கட்டத்தில் பத்து இலக்க எண்

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். எனக்கு நாற்பத்தெட்டு வயது, இருபத்தைந்து வருஷமாகக் கம்ப்யூட்டர்தான் சோறு போடுகிறது, பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நாம் கொடுத்தது மெஷினில் இருக்கும், கொடுக்காதது இருக்காது, அவ்வளவுதான். இப்போதுகூட இதற்குப் பேய் என்று பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு மருத்துவமனை, பெயர் வேண்டாம். அங்கே ரத்த வங்கியில் ஒரு பழைய கம்ப்யூட்டர், அதில் டாஸ் காலத்து டிபிஎஃப் கோப்புகள், அதாவது ரத்தம் கொடுத்தவர்களின் பட்டியல். பேர், ஊர், பிறந்த வருஷம், ரத்த வகை, போன் நம்பர். அதை எழுதி வைத்தவர் எப்போதோ இறந்துபோனார், அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் யாரும் தொடவில்லை. புது சர்வர் வாங்கியபோது பழைய பட்டியலையும் அதில் ஏற்ற முடியுமா என்று திருவனந்தபுரத்திலிருந்து ஆள் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். வந்தவர்கள் திறந்து பார்த்துவிட்டு, எழுத்தெல்லாம் கெட்டுப்போயிற்று, தூக்கிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அப்புறம்தான் என்னிடம் வந்தார்கள்.

தற்பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை, இந்த ஒரு வேலையைப் பற்றி நான் கொஞ்சம் பெருமையாகத்தான் பேசுவேன். எழுத்து ஒன்றும் கெட்டுப்போகவில்லை. யாரோ அந்தக் காலத்தில் சொந்தமாக உண்டாக்கிய தமிழ் எழுத்துருவில் அடித்திருந்தார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு குறியும் எந்த எழுத்து என்று பேப்பரில் எழுதி எழுதிக் கண்டுபிடித்தேன். 'ழ' மட்டும் மாட்டவே இல்லை, குழித்துறைக்காரர்கள் அத்தனை பேரும் பாதி எழுத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள், அந்த ஒரு எழுத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று. பிறந்த வருஷத்தை இரண்டு இலக்கத்தில் எழுதியிருந்ததால், முதல் ஓட்டத்தில் ஒரு பெரியவர் இனிமேல்தான் பிறக்கப்போகிறார் என்று வந்தது. எல்லாவற்றையும் சரி பண்ணினேன். மூன்று வாரம். கடைசியில் ஒரு மழைநாள் மதியம், அந்த ரத்த வங்கி அறையிலேயே உட்கார்ந்து, மொத்தப் பட்டியலையும் சர்வருக்குள் ஏற்றினேன். பழையதில் எத்தனை பேரோ புதியதிலும் அத்தனை பேர், ஒருவர் கூடவில்லை, குறையவில்லை. அங்கே டெக்னீசியனாக இருக்கும் சுகந்தியிடம் திரும்பி, முடிந்தது என்றேன். அவள் டீ வாங்கி வந்தாள்.

டீ ஆறுவதற்குள் பிரசவ வார்டிலிருந்து போன். ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிற ஒரு பெண், முதல் பிரசவம், குழந்தை பிறந்துவிட்டது, தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். அந்த வகைக்கு வேறெந்த ரத்தமும் ஏற்ற முடியாது. இருந்த ஒரே பை ஏற்கெனவே ஏறிக்கொண்டிருக்கிறது. நாகர்கோவிலில் கேட்டார்கள், கிடைக்கும், ஆனால் வழியில் மரம் விழுந்து கிடக்கிறது, வந்து சேர இரண்டு மணி நேரமாவது ஆகும். டாக்டர் அரை மணி நேரம் தாங்குவாள், மிஞ்சினால் முக்கால் மணி நேரம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்.

சுகந்தி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அக்கா, ஒங்க மெஷின்ல ஓ நெகட்டிவ் யாராவது கெடப்பாவளா, பாருங்க!"

தேடினேன். பதினோரு பேர் வந்தார்கள். பத்துப் பேருக்கு ஆறு இலக்க நம்பர், பழைய லேண்ட்லைன். சுகந்தி ஒவ்வொன்றாக அடித்தாள். இப்படி ஒரு எண் உபயோகத்தில் இல்லை, உபயோகத்தில் இல்லை. பதினோராவது ஆள் வில்சன், பேச்சிப்பாறை. அவர் நம்பருக்குப் பத்து இலக்கம் இருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது பயமில்லை, எரிச்சல். ஏனென்றால் பழைய கோப்பில் போன் நம்பருக்கு ஒதுக்கிய கட்டம் ஆறு எழுத்து அகலம். ஏழாவது எழுத்து அதற்குள் நுழையாது, அந்தக் கோப்பின் அமைப்பு அப்படி. அப்படியென்றால் நான்தான் எங்கோ பிசகியிருக்கிறேன், பக்கத்துக் கட்டத்து எண் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

"அது தப்பு சுகந்தி, குப்பை. அடிக்காதே," என்றேன்.

"குப்பையோ என்னமோ, அங்க ஒருத்தி சாவக் கெடக்கா," என்று சொல்லிக்கொண்டே அவள் அடித்துவிட்டாள். நல்லவேளை அவள் என் பேச்சைக் கேட்கவில்லை.

இரண்டு ரிங். ஒரு ஆண் குரல். "ஆமா, வில்சன்தான். யாரு?"

சுகந்தி விஷயத்தைச் சொன்னாள், அந்த ஆள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "இப்பம் வாறேன்" என்றார், வைத்துவிட்டார். கொட்டுகிற மழையில், நனைந்து ஒட்டிய சட்டையோடு, பைக்கில் வந்து இறங்கினார். பரிசோதனைகளை ஓட்டமாக முடித்தார்கள். அவர் ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போதே போக்கு நின்றுவிட்டதாக டாக்டர் வந்து சொன்னார். அன்றைக்கு அந்தத் தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. மூன்று வாரம் குனிந்து உட்கார்ந்ததற்கு எனக்கு இதைவிட என்ன வேண்டும் சொல்லுங்கள்? நான் அந்த வராந்தாவில் நின்று வாய்விட்டு அழுதேன், கொஞ்சம் பெருமைதான், மறைக்கவில்லை.

வில்சன் ஜூஸ் குடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"எனக்க நம்பர் ஒங்களுக்கு எப்பிடி கெடச்சுது?"

"நீங்கள் முன்னே இங்கே ரத்தம் கொடுத்திருக்கிறீர்களே, பட்டியலில் இருந்தது."

"அது காலேஜ்ல படிக்கும்ப குடுத்தது. பெறவு துபாய்க்குப் போயிட்டேன், வந்து பத்து நாளுதான் ஆச்சு. இந்த சிம் முந்தாநாள் எடுத்ததாக்கும். எனக்க தங்கச்சிட்ட கூட இன்னும் குடுக்கல்ல."

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் சமாளித்துக்கொண்டு ஏதோ சொன்னேன், அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

பழைய கம்ப்யூட்டரில் வில்சனின் வரியைத் திறந்து பார்த்தேன். பேர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, போன் கட்டம் காலி. ஆறு இலக்கம்கூட இல்லை. வேறொரு கம்ப்யூட்டரில் அதே கோப்பை, அதே முறையில், மறுபடியும் ஏற்றிப் பார்த்தேன். அங்கேயும் காலிதான் வந்தது. சர்வரில் யார் என்ன மாற்றினாலும் குறித்துக்கொள்ளும்படி நானே ஏற்பாடு செய்திருந்தேன், அதில் ஒரு வரிகூட இல்லை. அன்றைக்கு அந்த சர்வரின் பாஸ்வேர்டு தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"எழுதி வச்ச ஆளுக்க வேலையாக்கும் இது, வேற யாரு," என்றாள் சுகந்தி. எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. ஆனால் வேறு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை, இன்றுவரை தெரியவில்லை. யாராவது ஒரு நாள் வந்து, நீ இந்த இடத்தில் இப்படித் தப்பு பண்ணினாய் என்று காட்டிவிட்டால் நிம்மதியாகத் தூங்குவேன். எனக்குத் தெரிந்த இரண்டு பேரிடம் காட்டினேன், அவர்களும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

அந்தக் குழந்தைக்கு ஒரு வயது முடிந்தபோது கேக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வில்சன் மாதாமாதம் போன் பண்ணி, தேவை இருக்கிறதா என்று கேட்கிறார். புதிதாகச் சேருகிற டாக்டர்களிடம், இந்த அம்மாதான் பழைய பட்டியலை மீட்டவங்க என்று என்னைக் காட்டிச் சொல்கிறார்கள், நானும் வெட்கமில்லாமல் தலையை நிமிர்த்தி நிற்கிறேன்.

போன மாதம் வழக்கம்போல சர்வரைப் பார்க்கப் போனேன். திருவட்டாறு பக்கம் ஒரு பெண்ணின் வரியில், காலியாகக் கிடந்த போன் கட்டத்தில், பத்து இலக்கம் வந்திருக்கிறது. யாரும் மாற்றியதாகக் குறிப்பில்லை. சுகந்தி, "அடிச்சுப் பாப்பமா அக்கா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று கையைப் பிடித்துவிட்டேன்.

அந்தப் பெண்ணுக்குப் பி நெகட்டிவ். அந்த நம்பர் வந்த பிறகு அந்த வகை தேவைப்பட்டு இதுவரை யாரும் அங்கே வரவில்லை. எனக்கும் பி நெகட்டிவ்தான்.